அளவு: நாலடிக்கு ஆறடி

மூன்று படம் கேட்டார்கள்.
ஆரியகுளம் சந்திக்குக் கிட்ட எழும்பும்
புதுத் தனியார் ஆஸ்பத்திரிக்கு.
சதுர அடிக்கு ஆயிரத்து முந்நூறு,
சட்டம் அவர்களுடையது.
'அச்சு அசலாய் இருக்கோணும் அக்கா'
என்று நிரோஜன் நீட்டிய தாள்களில்
மை வரிவரியாய் இறங்கியிருந்தது.
எந்த நாட்டுப் போர், கீறினது ஆர்,
அவருக்கும் தெரியாது. நானும் கேட்கவில்லை.
பிரதி எடுப்பவளுக்கு அளவு தெரிந்தால் போதும்.

முதலாவது,
கப்பல் தளத்தில் கட்டுப் போடுகிற தாதி.
கடல் எனக்குச் சுகம். இரண்டு நாளில் முடிந்தது.
இரண்டாவது கூடாரம், பனி, ஒரு குதிரை.
குதிரையை விட்டுவிடலாமோ என்று கேட்டேன்.
கூடாதாம்.
பனியை நான் கண்டதில்லை.
பாசையூர் மீன் சந்தைக்குப் போய்
ஐஸ் பெட்டிக்குள் குனிந்து நின்றேன்.
வெள்ளை இல்லை அது. சாம்பல்,
ஓரத்தில் கொஞ்சம் செதில்.
'என்ன மீன் அக்கா?' என்றான் வியாபாரி.
கால் கிலோ சூடை வாங்க வேண்டியதாய்ப் போயிற்று.

மூன்றாவது, லாம்புப் படம்.
நீள மண்டபம், இரு பக்கமும் கட்டில்,
நடுவில் ஒருத்தி.
வெளிச்சம் முழுக்க அவளுடைய கன்னத்தில்.
கிடக்கிறவர்கள் எல்லாம் கபிலம்.

பங்குக் கிணற்று மோட்டரைப் போட்டுவிட்டு
தாங்கி நிரம்பும் மட்டும்
என் வாசலில் நிற்பா றூபி மிஸி.
அன்றைக்கு உள்ளே வந்தா.
கண்ணாடியை ஏற்றி, இறக்கி,
'உவ ஏன் லாம்பைத் தன்ர முகத்துக்குப் பிடிக்கிறா?'

'படம் அப்பிடி மிஸி.'

'ஒரு கை லாம்புக்குப் போனால்
மற்றக் கையால என்னத்தைத் தைக்கிறது?
ஏப்பிரன் வேற பால் மாதிரி.
எங்கட வெள்ளை, கிழிச்சு அவிச்ச வேட்டி.
மூண்டாம் அவியலில தேத்தண்ணி நிறம்.'

பிறகு, நான் கேட்காமலே,
ஒரு பெடியனைச் சொன்னா.
கரண்ட் இல்லாத வருசங்களில் ஒரு இரவு,
தமையனைச் சைக்கிள் பாரில் சாத்தி
கோண்டாவிலில் இருந்து உருட்டி வந்தவன்.
பதினொரு வயது இருக்குமாம்.
'லாம்பை அவனிட்டைத்தான் குடுத்தன்.
காயத்தைப் பாராதை, முகட்டைப் பார்,
பாத்து எண்ணு எண்டன்.'

'எத்தினை மட்டும் எண்ணினவன்?'

'ஆருக்குத் தெரியும்.
நான் தையலை எண்ணிக்கொண்டு நிண்டன்.'

'தமையன்?'

தாங்கி வழிகிற சத்தம் கேட்டது.
மிஸி செருப்பும் போடாமல் ஓடினா.

படம் குடுக்கிறதுக்கு முதல் நாள்
ஆறரைக்குக் கரண்ட் போனது.
கையும் போர்வையும் முகமும் மிச்சம்.
மதிலுக்கு மேலால் கூப்பிட்டேன்.
போனை வாங்கி லைற்றைப் போட்டு
எனக்குப் பின்னால் நின்றா.

வெளிச்சம் நேரே அந்தக் கைக்குப் போனது.
'முகத்துக்குக் கொஞ்சம், மிஸி.'
'முகம் கிடக்கட்டும். நீர் உந்தக் கையை முடியும்.'

கையை முடித்தேன். விரல் மூட்டு, நகம்,
பெருவிரலில் தாளில் இல்லாத ஒரு தழும்பு.
அது தூரிகை வழுக்கினது.
அழிக்க மனம் வரவில்லை.
போர்வை மடிப்பு, மடிப்புக்குள்ளே நிழல்.
எனக்கு முழங்கை நடுங்கியது.
வெளிச்சம் நடுங்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன்.
மிஸி படத்தைப் பார்க்கவில்லை.
முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றா.
உதடு அசைந்தது.

விடியப்புறம் கரண்ட் வந்தபோது
முகத்துக்கு நேரம் இல்லை.
ஒரு பூச்சு, அதோடு விட்டேன்.

'முகம் மங்கல் அக்கா' என்று
மூவாயிரம் குறைத்துக்கொண்டார் நிரோஜன்.
இப்போது அது காசுக் கவுண்டருக்கு மேலே தொங்குகிறது.
பற்றுச்சீட்டுக்கு நிற்கிற சனம்
அண்ணாந்து பார்க்கும், பார்க்காமலும் விடும்.

ஆனால் குதிரை நல்லாய் வந்திருக்காம்.